அச்சக்கா அடித்த முகங்கள்

அச்சக்காவின் கை எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தே அந்த வாரம் அவளுக்கு என்ன வேலை வந்திருக்கிறதென்று சந்துக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருந்தால் பந்தாட்டக் குழுவின் சட்டை. பச்சையும் மஞ்சளுமாக இருந்தால் குளிர்பானக் கம்பெனி விளம்பரம். முழங்கை வரைக்கும் நிறம் ஏறிக் கிடந்தால் தேர்தல் வந்துவிட்டது என்று அர்த்தம். அவள் குழாயடியில் வாளியை வைக்க வேண்டியதுதான், எதிர்வீட்டுத் தையல்காரம்மா மாடி ஜன்னலிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"என்னடி, இந்த வாரம் ஆரஞ்சா? எந்த மகராசன் நிக்கிறான்?"

"யாரும் நிக்கலக்கா. சோப்புக் கம்பெனிக்காரன்."

"சோப்புக்காரனுக்கே அடிக்கிற, உன் கை மட்டும் சோப்பைக் கண்டதே இல்ல போல!"

சந்தே சிரிக்கும். அச்சக்காவும் சிரிப்பாள். அச்சடிக்கிற அக்கா என்பது தேய்ந்து தேய்ந்து அச்சக்கா ஆனது. அவளைவிட மூத்த கிழவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைக் கூப்பிட ஆளில்லாமல் போய்விட்டது.

அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது பனியன் என்பது உள்ளே போடுகிற துணி, அவ்வளவுதான். பனியனோடு ஒருத்தன் தெருவுக்கு வந்தான் என்றால் ஒன்று வீடு தீப்பிடித்து ஓடி வந்திருக்க வேண்டும், இல்லை பெண்டாட்டி துரத்தி ஓடி வந்திருக்க வேண்டும். அவளுடைய வீட்டுக்காரர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். யாரிடமோ பார்த்துவிட்டு வந்து, ஒரு மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, அதில் ஒரு குதிரையின் வடிவம் மட்டும் மை இறங்குகிற மாதிரி விட்டு மற்ற இடத்தையெல்லாம் அடைத்தார். அடியில் வெள்ளைப் பனியனை விரித்து, மேலே மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் பனியனில் குதிரை பாய்கிறது. அதை மாட்டிக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் போய் வந்தார். திரும்பி வந்தபோது அம்மாக்காரி கதவைச் சாத்தியிருந்தாள்.

"உள்ள போடறத வெளிய போட்டது போதாதுன்னு அதுக்குக் குதிரை வேறயா? போ, அந்தக் குதிரை மேலேயே ஏறிப் போ!" என்று உள்ளிருந்து கத்தினாள் மாமியார்.

அதே மாமியார், பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து குதிரை பனியன் கேட்டபோது, தன் மகன் பிறக்கும்போதே கெட்டிக்காரன் என்று சொன்னதும் உண்டு.

கொஞ்ச காலத்தில் எங்கிருந்தோ கப்பலில் மூட்டை மூட்டையாகப் பழைய துணி வந்து இறங்கியது. அதில் பாதி படம் போட்ட பனியன்கள். யாரோ படித்த பள்ளிக்கூடம், யாரோ ஓடி ஜெயித்த பந்தயம், யாருடைய குடும்பமோ கூடிச் சாப்பிட்ட விருந்து, எல்லாம் சந்தைக்கு வந்தன. என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? துணி கெட்டியாக இருக்கிறதா, அவ்வளவுதான். கிடங்குக் காவலாளி ஒருத்தர், நல்ல தொப்பைக்காரர், வயிற்றுக்கு நேரே அம்பு போட்ட பனியன் ஒன்றை நாலைந்து மாதம் போட்டுக்கொண்டு திரிந்தார். 'உள்ளே குழந்தை இருக்கிறது' என்று அதில் அச்சிட்டிருந்ததைப் படிக்கத் தெரிந்த ஒருத்தன் சொன்ன பிறகும் அவர் கழற்றவில்லை. "இருந்தா இருந்துட்டுப் போகுது. துணி நல்லாருக்கு" என்றார்.

அப்படித்தான் துணிக்கு வாய் முளைத்தது. கம்பெனிக்காரன் சும்மா கொடுத்தான், அவன் பெயரைச் சுமந்துகொண்டு ஜனங்கள் நடந்தார்கள். வேட்பாளர் கொடுத்தார், அவர் முகத்தைச் சுமந்துகொண்டு போய் எதிராளிக்கு ஓட்டுப் போட்டார்கள். தோற்றவரின் முகம் அடுத்த தேர்தல் வரைக்கும் தலையணை உறையாகக் கிடக்கும். ஆனால் அழியாது. அதில்தான் அந்த வீட்டுக்குப் பெருமை. மைக்குள் பைண்டர் என்று பால் மாதிரி ஒரு பசையைக் கலப்பார்கள். அதுதான் நிறத்தைத் துணியோடு பிடித்து வைப்பது. அச்சடித்த பிறகு சூடு காட்டினால் அந்தப் பசை இறுகிக்கொள்ளும். மற்றவர்கள் பைண்டரில் தண்ணீர் ஊற்றுவார்கள், சூட்டைப் பாதியில் நிறுத்துவார்கள். இவர்கள் செய்ததில்லை. வீட்டுக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "துணி கிழியும், என் மை போகாது."

மையின் நெடியில் இருமி இருமியே அவர் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. மாமியாரும் மகன் போன துக்கத்தில் பின்னாலேயே போனாள். அச்சக்கா ரப்பர் கட்டையைக் கையில் எடுத்தாள். அவளுக்கு மிஞ்சியிருந்த சொந்தம் இரண்டு பேர்: ஒரு தம்பி, ஒரு தாய்மாமன்.

மாமன் ரயில்வேயில் மூட்டை ஏற்றுகிறவர். வாய் பேசாத பிராணி. ஒருமுறை அங்கே வேலைநிறுத்தம் நடந்தபோது, தூக்கிய கை ஒன்றைப் படமாகப் போட்டுப் பனியன் அடித்தார்கள். அடித்தது வீட்டுக்காரர்தான், அப்போது உயிரோடு இருந்தார். வேலைநிறுத்தம் முடிந்து, எல்லாரும் வேலைக்குத் திரும்பி, ஊரே மறந்த பிறகு, போலீஸ்காரர்கள் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். மற்றவர்கள் பனியனை அடுப்பில் போட்டிருந்தார்கள். மாமனின் பெட்டி அடியில் அது மடிப்புக் கலையாமல் இருந்தது. அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"ஏன் மாமா வெச்சிருந்தீங்க?" என்று பின்னால் அவர் வீடு திரும்பியபோது அச்சக்கா கேட்டாள்.

"நல்ல துணி. எறிய மனசு வரல" என்றார். அதற்கப்புறம் அவர் பேசியது சொற்பம். டீ டம்ளரை யாராவது பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது, கை அப்படி நடுங்கும். அவரை அடக்கம் செய்த அன்றுகூட அச்சக்காவுக்கு அந்தப் பனியன்தான் நினைவில் நின்றது. சோதனையில் எடுத்துக் காட்டியபோது அதில் அடித்திருந்த கையின் சிவப்பு அப்படியே நேற்று அடித்த மாதிரி இருந்ததாம்.

தம்பி அவளுக்கு மகன் மாதிரி. அவளுக்குக் கல்யாணம் ஆனபோது தவழ்ந்துகொண்டிருந்தவன். அம்மா இறந்ததும் அக்கா வீட்டுக்கு வந்தான், அச்சுமேசைக்கு அடியில் தூங்கி வளர்ந்தான். எவ்வளவு வளர்ந்தான் என்றால் நிலைப்படியில் இடிக்காமல் ஒருநாளும் வீட்டுக்குள் வந்ததில்லை. நெட்டையன் என்று பெயர் விழுந்தது. மை கலக்க, சட்டம் கட்ட எல்லாம் தெரியும். ஆனால் வீட்டுக்காரர் இருமியதைப் பார்த்த பயத்தில் அக்காவே அவனைக் காகித ஆலைக்கு அனுப்பிவிட்டாள். அங்கே நல்ல காற்று வரும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஆலையின் பாய்லர் அறைக்கு ஒரே கதவு. இன்னொரு கதவு வை என்று தொழிலாளிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நிர்வாகம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒருநாள் குழாய் வெடித்தது. கதவுப் பக்கம் முழுக்க நீராவி. உள்ளே பாய்லர்காரர் ஒருத்தர் மட்டும். அவர் அந்தப் பக்கம், நெட்டையனும் மற்றவர்களும் இந்தப் பக்கம்.

துக்கத்துக்குப் போய்விட்டு வந்த மாலை, நெட்டையன் தலையில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். கையில் பாய்லர்காரரின் புகைப்படம். யார் கல்யாணத்திலோ எடுத்த கூட்டப் படத்திலிருந்து வெட்டியது. அவர் தோளில் வேறு யாருடைய கையோ மிச்சமிருந்தது.

"இந்த மூஞ்சி வேணும்க்கா. சிவப்புல. முன்பக்கம் முழுக்க வரணும்."

"யாருக்கு?"

"ஷிப்டு மொத்தத்துக்கும். ஊர்வலம் போறோம்."

"ஊர்வலத்துக்குத் தடை போட்டிருக்காங்கன்னு தையல்காரம்மா சொன்னாளே."

"அவ புருஷனும்தான் வர்றாரு. அதச் சொல்லலையா?"

"மாமாவ ஞாபகம் இருக்காடா உனக்கு?"

நெட்டையன் மேசை விளிம்பில் உட்கார்ந்தான். "இருக்கு. ஆனா அந்த ஆளு கதவுக்கு அந்தப் பக்கம் கத்தினது எனக்கு அதைவிட நல்லா ஞாபகம் இருக்கு. பேரச் சொல்லிக் கத்தினாருக்கா. என் பேரச் சொல்லி. நான் கைய நீட்டினா வெந்துடும்னு நின்னேன்."

அச்சக்கா படத்தை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள். அவன் எழுந்தான். "நீ அடிக்கலன்னா விடு. சந்தைக்குப் பின்னாடி ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட குடுத்துக்கறோம்."

"அவனா? அவன் மை ஒரே துவையல்ல கழண்டு தண்ணியோட போயிடும்" என்று அச்சக்காவின் வாய் தன்னால் சொன்னது. தொழில் ரோஷம்.

"அதனாலதானே உன்கிட்ட வந்தேன். துணி கிழியிற வரைக்கும் இந்த மூஞ்சி இருக்கணும்."

அவன் சாப்பிட்டுப் படுத்துவிட்டான். அவள் சொன்ன வார்த்தை மட்டும் அவளை விடவில்லை. ஒரே துவையல்ல போயிடும். மாமனைப் பிடித்துக் கொடுத்தது எது? ஊர்வலம் இல்லை. போகாத மை. மை போயிருந்தால் பெட்டிக்குள் இருந்திருப்பது வெறும் வெள்ளைப் பனியன். வெள்ளைப் பனியன் வைத்திருந்ததற்காக எந்த ஊரிலும் யாரையும் இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள். நெட்டையனை வீட்டில் கட்டிப்போட முடியாது. போகட்டும், பாய்லர்காரரின் முகத்தைப் போட்டுக்கொண்டே போகட்டும். வந்ததும் வாளியில் போட்டால் முகம் தண்ணீரோடு போய்விட வேண்டும். கொடியில் காய்வது வெள்ளையாக இருக்க வேண்டும்.

வாழ்நாளில் முதல்முறையாக அவள் பைண்டர் டப்பாவைத் திறக்கவில்லை. வழக்கமான மையே பசையில்லாமல் போட்டாலும் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நூலுக்கு ஏற்றுகிற சாயத்தூளை வாங்கி வந்து மாவுக் கூழில் கரைத்தாள். ஒரு பனியனில் அடித்துப் பார்த்தாள். அச்சு அருமையாக விழுந்தது, அந்த மீசை, அந்தப் பாதிச் சிரிப்பு. காய்ந்ததும் சூடு காட்டாமல் வாளியில் முக்கினாள். தண்ணீர் சிவந்தது. அலசினாள், இன்னொரு தண்ணீர் மாற்றினாள். முகம் போய்விட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் லேசான ரோஸ் நிறம் இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

பனியனைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதைப் பிழிந்த கை மணிக்கட்டு வரைக்கும் ரத்தச் சிவப்பாகக் கிடந்தது. அதை அவள் பார்க்கவே செய்தாள். ஆனால் அச்சக்காவின் கை சிவந்திருப்பதில் என்ன அதிசயம்? அவளுக்குக் கை என்றாலே நிறம்தான்.

எல்லாவற்றையும் அடித்து முடித்தாள். கிளம்புகிற காலையில் நெட்டையன் மாட்டிக்கொண்டு நின்றான். அந்த நெஞ்சுக்குப் பாய்லர்காரர் இன்னும் பெரியவராகத் தெரிந்தார்.

"திரும்பி வந்த உடனே கழட்டித் தண்ணியில போட்டுடு. எல்லார்கிட்டயும் சொல்லு."

"எதுக்கு?"

"புது மை. ஊறினாத்தான் படியும்."

அவன் பனியனைத் தூக்கி மூக்கருகே வைத்து முகர்ந்தான். தொழில் தெரிந்தவன் ஆயிற்றே. "என்னக்கா, மை வாசமே இல்ல?"

"அதான் புது மைன்னு சொன்னேன்ல. நேரமாச்சு, போ."

தையல்காரம்மா வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் பெரிய சாலை தெரியும். இரண்டு பேரும் அங்கே நின்றார்கள். கீழே தையல்காரம்மாவின் புருஷன் மூன்றாவது வரிசையில் கொடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நடந்தார். "வீட்டுல ஒரு பாத்திரம் நகர்த்த மாட்டான், கொடியத் தூக்கிட்டு வர்றத பாரு" என்று தையல்காரம்மா சொன்னாள், ஆனால் ஜன்னல் கம்பியை விடவில்லை. நூற்றுக்கணக்கான நெஞ்சில் ஒரே முகம். எல்லா முகமும் நடந்தது. வெயில் ஏறியது. ஆலைக்குப் போகிற திருப்பத்தில் தண்ணீர் பீய்ச்சுகிற வண்டி குறுக்கே நின்றிருந்தது.

தண்ணீர் பட்டதும் பாய்லர்காரரின் கண்தான் முதலில் கரைந்தது. கீழே யாரோ கத்தினார்கள்: "அழுறாருடா! பாரு, அழுறாருடா!" பிறகு மீசை போயிற்று, வாய் போயிற்று. எல்லாரும் வெட்டுப்பட்டவர்கள் மாதிரி சிவப்பாக நின்றார்கள். ஜனங்கள் ரத்தம் என்று நினைத்து அலறினார்கள். அந்த அலறலில்தான் எல்லாம் கெட்டது. கல் பறந்தது, தடி இறங்கியது, ஜீப் ஒன்று எரிந்தது. ஜீப்பில் இருந்தவர்களில் ஒருத்தர் பிழைக்கவில்லை.

நெட்டையன் பின் சந்து வழியாக ஓடி வந்து சேர்ந்தான். தலையில் இடித்துக்கொண்டது அவனுக்கே தெரியவில்லை. அச்சக்கா ஒரு வார்த்தை பேசாமல் அவன் பனியனை உருவி வாளியில் முக்கினாள், அலசினாள், உதறினாள். வெள்ளை. அவளுக்கு மூச்சு வந்தது.

"பாரு" என்று திரும்பினாள். "வெள்ளை. இனி எவன் வந்து பெட்டியக் குடைஞ்சாலும்..."

அவன் நெஞ்சைப் பார்த்தாள். கழுத்தெலும்பிலிருந்து தொப்புள் வரைக்கும் சிவப்பு.

கட்டி முழுக்கச் சோப்புப் போட்டாள். போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டாள். போகவில்லை. நெட்டையன் அசையாமல் நின்று கேட்டான்.

"பைண்டர் போடலையா?"

"போடல."

"சூடு?"

"காட்டல."

"சாயத்தூளாக்கா?"

அவள் தலையாட்டினாள். துணியில் பிடிக்காத சாயம் எல்லாம் தோலில் போய்ப் பிடித்திருந்தது. இத்தனை வருஷமாகப் பலகை மேல் விரித்த துணியைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். அதற்குள் ஒரு ஆள் இருப்பான் என்பது அவள் யோசனைக்கு வந்ததே இல்லை.

"எனக்கு மட்டும் இப்படி அடிச்சியா? எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

அவன் வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினான். பிறகு "யார் கேட்டாலும் மட்டமான மை வந்துடுச்சுன்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாத" என்றான்.

அன்று மாலை சந்தில் எல்லாக் குழாயும் ஓடின. எந்த வீட்டுக்கு முன் நின்றாலும் தேய்க்கிற சத்தம். தேங்காய் நார், ப்ளீச்சிங் பவுடர், செங்கல் துண்டு. ஒரு வீட்டில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்டது. பேருந்து நிலையத்தில் ஆண்களை வரிசையாக நிறுத்திச் சட்டையைத் தூக்கச் சொல்கிறார்கள் என்று செய்தி வந்தது. ஆக வெளியே போகவும் வழியில்லை. நெட்டையன் தானே செங்கல்லை வாங்கித் தேய்த்தான். சிவப்பு போயிற்று என்று சொல்லலாம். தோலும் போயிற்று. அதற்கடியிலும் சிவப்பாகத்தான் இருந்தது.

காலையில் போலீஸ்காரர்கள் வந்தார்கள். சந்தின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். சாயம் இருந்தவர்களைச் சாயத்துக்காகக் கூட்டிப்போனார்கள். சாயம் இல்லாமல் நெஞ்சு புண்ணாக இருந்தவர்களைப் புண்ணுக்காகக் கூட்டிப்போனார்கள். தையல்காரம்மாவின் புருஷன் சட்டையைத் தூக்கவே மாட்டேன் என்றார். அவரை முதலில் ஏற்றினார்கள்.

அச்சக்கா வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டினாள். "சார், இவன் என்கூட அச்சு வேலை செய்யறவன். சாயம் பட்டுப் புண்ணாயிடுச்சு. என் கையப் பாருங்க, அதே சாயம்தான்."

அதிகாரி நிதானமான ஆள். அவள் கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "கையில படும். நெஞ்சுல எப்படிம்மா படும்?"

"அப்போ அடிச்சது நான்தான் சார். என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"உன்னக் கூட்டிட்டுப் போயி?" என்று அவர் சிரித்தார். "போன வருஷம் எங்க விளையாட்டுப் போட்டிக்கு நீதானே பனியன் அடிச்சுக் குடுத்த? நல்ல மைம்மா. இன்னும் அப்படியே இருக்கு."

நெட்டையன் வாசலுக்கு வந்தான். குனிந்து வந்ததால் அன்றைக்கு மட்டும் நிலைப்படியில் இடிக்கவில்லை. வண்டியில் ஏறும்போது, "ஸ்கிரீனக் கழுவி வெச்சிடுக்கா" என்றான். அந்த வலைத்துணிச் சட்டத்தைத்தான் சொன்னான். அவளைப் பிடிக்க அது ஒன்றே சாட்சி என்று அவன் நினைத்தான்.

கழுவினாள். எவ்வளவு கழுவினாலும் வலையில் முன்னால் இருந்த முகத்தின் நிழல் தங்கும். அது துணியில் விழாது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். தோளில் இருந்த யாரோ ஒருவருடைய கைகூடத் தெரிந்தது.

அவனைப் பார்க்க விடவே இல்லை. சிறை வாசலில் போய்ப் போய் நின்றாள். ஒரு தடவை மாற்றுச் சட்டை வாங்கிக்கொண்டார்கள், அடுத்த தடவை அதையே திருப்பிக் கொடுத்தார்கள். குளிர்காலம் முடிகிற சமயத்தில் பெட்டி வந்தது. புண் சீழ் பிடித்துக் காய்ச்சலில் போய்விட்டான் என்று சொன்னார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். எப்படித் திறக்க முடியும், ஆணி அடித்திருந்தது. அந்தப் பெட்டி அவனுக்குக் குட்டையாக இருந்தது. அவனை எப்படி உள்ளே வைத்திருப்பார்கள் என்பதைத்தான் அவள் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எந்தப் புண் சீழ் பிடித்தது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். ஆலை இறங்கி வந்துவிட்டதாம், பாய்லர் அறைக்கு இன்னொரு கதவு வைக்கப் போகிறார்களாம். அடக்கத்துக்குப் போட்டுக்கொள்ள நெட்டையன் முகம் வைத்த பனியன் வேண்டுமாம். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார்கள்.

"வெச்சிட்டுப் போங்க" என்றாள்.

அடையாள அட்டைப் படம். ஆலைக் கேமரா முன்னால் அவன் உயரத்துக்கு இடம் போதாமல் நெற்றியின் மேல்பாதி வெட்டுப்பட்டிருந்தது. அதே ஸ்கிரீனில்தான் அவனை இறக்கினாள். பைண்டரைக் கையால் கலக்கினாள், சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை சூடு காட்டினாள். ஒன்றை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, கல்லில் அடித்து, செங்கல்லால் தேய்த்துப் பார்த்தாள். காது மடல் ஓரம்கூட மங்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தையல்காரம்மாவின் புருஷன் உயிரோடு திரும்பினார், காலை இழுத்துக்கொண்டு. கொஞ்ச நாள் கழித்துத் தையல்காரம்மா குழாயடிக்கு இறங்கி வந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"உன் மை ஒருநாளும் ஓடினதில்லையேடி. உன் புருஷன் அடிச்ச குதிரைகூட இன்னும் எங்க வீட்டுல கிடக்கு. அன்னைக்கு மட்டும் ஏன் ஓடுச்சு?"

மட்டமான மை என்று சொல்லச் சொல்லித்தான் நெட்டையன் போயிருந்தான். அச்சக்காவுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஓடட்டும்னுதான் அடிச்சேன்க்கா. வீட்டுக்கு வந்து துவைச்சா ஒண்ணும் தெரியக் கூடாதுன்னு."

தையல்காரம்மா வாளியை எடுத்துக்கொண்டு மேலே போனாள். மாடி ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அச்சக்காவின் கை நீலமா பச்சையா என்று அந்தச் சந்தில் யாரும் கூவவில்லை. யார் வீட்டுக்கும் அதிகம் போகாமல், வந்த வேலையை அடித்துக்கொண்டு கிடந்தாள். ஆலையில் இரண்டாவது கதவு வைத்தார்கள். அது பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும், சாவி கண்காணிப்பாளரிடம் இருக்கும் என்று வாடிக்கையாளர் ஒருத்தர் சொன்னார்.

வருஷங்கள் போயின. பெரிய மெஷின்கள் வந்தன, ஒரு பக்கம் வெள்ளையாகப் போகிற பனியன் மறுபக்கம் ஏழு நிறத்தில் வந்தது. செத்தவர்கள் முகமும் பாட்டுக்காரர்கள் முகமும் பக்கத்தில் பக்கத்தில் கடைகளில் தொங்கின. பேருந்து நிறுத்தத்தில் ஒருநாள், நெற்றி வெட்டுப்பட்ட அந்த முகத்தைக் கறுப்புத் துணியில் யாரோ அடித்து, ஒரு பையன் போட்டுக்கொண்டு நின்றான். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"யாருப்பா இது?" என்று கேட்டாள்.

அவன் குனிந்து தன் நெஞ்சையே பார்த்தான், முதல்முறை பார்க்கிற மாதிரி. "தெரியலம்மா. யாரோ பாடகர்னு நினைக்கிறேன். பழைய ஆளு. ஏம்மா?"

"ஒண்ணுமில்ல. மை மட்டமா இருக்கு" என்றாள்.

அவள் அடித்ததில் ஒன்றைக் கடைசியாகப் பார்த்தது சந்தைக்குப் பின்னால் உள்ள டீக்கடையில். கடைக்காரி மேசையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கையில் இருந்தது நைந்து போன துணி, ஓட்டை எது துணி எது என்று தெரியாத அளவுக்கு. தோள் பக்கம் இல்லை, கை இல்லை. நடுவில் மட்டும் நெற்றி வெட்டுப்பட்ட அந்த முகம். டீக்கறைக்கு நடுவே இரண்டு காதும் அந்தக் கண்ணும் பளிச்சென்று இருந்தன.

அச்சக்கா பார்ப்பதைப் பார்த்துக் கடைக்காரி துணியை விரித்துக் காட்டினாள். "பாருங்கம்மா இந்தக் கூத்த. வாங்கின துணியெல்லாம் ஒரு மாசம் தாங்கல. இது எந்தக் காலத்துதோ, பழந்துணி மூட்டையில வந்தது. துணி போயிடுச்சு, இந்த மூஞ்சி மட்டும் போகவே மாட்டேங்குது. ப்ளீச்சிங் போட்டும் பாத்தாச்சு."

"போகாது" என்றாள் அச்சக்கா.

"எப்படிச் சொல்றீங்க?"

அவள் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். கடைக்காரி துணியைச் சுருட்டி அவள் முன்னால் இருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு டம்ளரை வைத்தாள். டீ ஆறுகிற வரைக்கும் அச்சக்கா அதைத் தொடவில்லை. பிறகு எடுத்துக் குடித்துவிட்டு எழுந்து போனாள். துணியைத் தரச் சொல்லிக் கேட்கவில்லை.